வியன்னா மேல் காகிதம் வீசிய எஸ்.வி.ஏ.: சண்டை விமானமா, உளவு விமானமா?

பசைக்கை | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்கு ஒரு சந்தேகத்தோடு வந்திருக்கிறேன். அன்சால்டோ எஸ்.வி.ஏ. 5 மாடல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப்போர் கால இத்தாலிய பைப்ளேன், அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு. பெட்டியின் மேல் "சண்டை விமானம்" என்று போட்டிருக்கிறது. உள்ளே மடித்து வைத்த தாளில் "உளவு, குண்டுவீச்சு" என்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு பேச்சு.

இன்னொன்று. பைப்ளேன் என்றால் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே நேர் ஸ்ட்ரட் (தாங்கு கட்டை) நிற்கும், குறுக்கும் நெடுக்கும் கம்பி ஓடும் என்று நினைத்து, முடி மாதிரி மெல்லிய நைலான் நூல் ஒரு உருண்டை வாங்கி வைத்திருந்தேன். இதில் ஸ்ட்ரட் எல்லாம் டபிள்யூ எழுத்து போல் சாய்ந்து நிற்கின்றன. நூல் கட்டவே வேலை இல்லை. அச்சுப் பிழையா, நிஜமாகவே அப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காகிதக்கழுகு | செவ்வாய், இரவு 10.25

பெட்டியும் சரி, தாளும் சரி. சண்டை விமானமாகப் பிறந்தது, பிழைப்பு வேறு வேலையில் நடந்தது.

1916-17-இல் உம்பெர்தோ சவோயா, ரொடால்ஃபோ வெர்டூட்சியோ என்ற இரண்டு பொறியாளர்கள் வரைந்தது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்தோடு கம்பெனி பெயரான அன்சால்டோவின் முதலெழுத்தும் சேர்ந்துதான் எஸ்.வி.ஏ. அன்சால்டோ ஜெனோவாக்காரர்கள், கப்பலும் பீரங்கியும் செய்துகொண்டிருந்தவர்கள், போர்க்காலத்தில் விமானத்திலும் இறங்கினார்கள். 1917 மார்ச் 19-இல் முதல் பறத்தல். எஸ்.பி.ஏ. 6ஏ என்ற 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஆறு சிலிண்டர் இன்ஜின், மணிக்கு 220 - 230 கிலோமீட்டர் வேகம். அந்தக் காலத்துக்கு அது அம்பு.

ஆனால் நேராகப் போகும் அம்பு. வான் சண்டைக்கு வேகம் மட்டும் போதாது, வளைய வேண்டும், திரும்ப வேண்டும். ஓட்டிப் பார்த்த சண்டை விமானிகள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஆன்ரியோ, ஸ்பாடு என்ற பிரெஞ்சு சண்டை விமானங்களே போதுமாக இருந்தன. ஒதுக்கிய விமானத்தை என்ன செய்வது? வேகம் இருக்கிறது, நிறைய எரிபொருள் கொள்கிறது, ரொம்ப நேரம் பறக்கிறது. "அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று உளவுக்கு அனுப்பினார்கள். அடியில் சின்னக் குண்டுகளும் மாட்டினார்கள். துரத்திப் பிடிக்க எதிரியிடம் வேகமான விமானம் அதிகம் இல்லை. மாப்பிள்ளையாக நிராகரிக்கப்பட்டவன் அதே வீட்டுக்குக் கணக்குப்பிள்ளையாகப் போய்ப் பேரெடுத்த கதை.

சும்மாபடிப்பவன் | செவ்வாய், இரவு 10.31

வீட்டுக்கு வீடு ஒரு எஸ்.வி.ஏ. உண்டு.

பழைய ஃபிட்டர் | புதன், காலை 6.10

தம்பி பசைக்கை, அச்சுப் பிழை இல்லை. அதுதான் அந்த விமானத்தின் அழகே.

நான் இத்தாலிய விமானம் எதையும் தொட்டவன் இல்லை. ஆனால் அறுபதுகளின் கடைசியில் ஒரு பறக்கும் கழகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தபோது அங்கே டைகர் மாத் பைப்ளேன் இருந்தது. அதன் கம்பிகளோடு பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன். பைப்ளேன் என்பது ஒரு பாலம் மாதிரி. மேல் இறக்கை, கீழ் இறக்கை, நடுவில் ஸ்ட்ரட், குறுக்கே கம்பி. பறக்கும்போது ஒரு ஜோடிக் கம்பி இறக்கையைக் கீழே இழுத்துப் பிடிக்கும், தரையில் நிற்கும்போது இன்னொரு ஜோடி தாங்கும். ஒன்று தளர்ந்தாலும் இறக்கையின் கோணம் மாறும். கோணம் மாறினால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், விமானி இறங்கி வந்து நம்மைத்தான் திட்டுவார்.

எங்கள் மேஸ்திரி கம்பியை ஒரு விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். வீணைத் தந்தி மாதிரி. "இது இறங்கியிருக்கு, அரைச் சுற்று ஏத்து" என்பார். நான் டர்ன்பக்கிளை, அதாவது கம்பியை இறுக்கும் திருகை, அரைச் சுற்று திருகி, திரும்பத் தளராமல் இருக்க மெல்லிய பித்தளைக் கம்பியை அதன் ஓட்டையில் விட்டு எட்டுப் போலச் சுற்றிக் கட்டுவேன். அப்புறம் எதிர்ப்பக்கக் கம்பி மாறியிருக்கும். அதையும் திருகு. ஒரு நாள் போய்விடும்.

எஸ்.வி.ஏ.-வில் ஸ்ட்ரட்டே முக்கோணம் முக்கோணமாக நிற்பதால் இழுவையையும் தள்ளலையும் அதுவே தாங்கிக்கொள்ளும். வாரன் அமைப்பு என்பார்கள், ரயில் பாலத்தில் பார்த்திருப்பீர்கள். கம்பியின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். காற்றைக் கிழிக்கும் கம்பி குறைந்தால் வேகம் கூடும். மெக்கானிக்குக்கும் நிம்மதி. நூல் உருண்டையை எடுத்து வையுங்கள், வேறு மாடலுக்கு ஆகும்.

பசைக்கை | புதன், இரவு 8.55

ஐயா, விரலால் சுண்டுவதைப் படித்துவிட்டு நான் கட்டி வைத்திருக்கும் பழைய மாடலில் நூலைச் சுண்டிப் பார்த்தேன். அறுந்துவிட்டது.

உடற்பகுதியை ஒட்டும்போது இன்னொன்று கவனித்தேன். முன்பக்கம் பெட்டி மாதிரி இருக்கிறது, விமானி இருக்கையைத் தாண்டியதும் அடிப்பக்கம் குறுகிக் குறுகி முக்கோணமாகிவிடுகிறது, கூர்முனை கீழே. எதற்காக?

காகிதக்கழுகு | புதன், இரவு 9.20

விமானி தலையை வெளியே நீட்டிக் கீழே பார்க்கத்தான். தடித்த அடிப்பாகம் இருந்தால் பின்பக்கத் தரை மறையும். அந்த உடற்பகுதி முழுக்கப் பிளைவுட், துணி இல்லை. சண்டைக்காக வரைந்த வடிவம் உளவுக்கும் அப்படியே பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலெர்மோ தம்பி | வியாழன், அதிகாலை 2.15

அண்ணைமாருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பொடியன், பலெர்மோவில் பதினெட்டு வருசம். இந்த இழையைப் பார்த்ததும் நித்திரை போய்விட்டது, ஏனென்றால் வியன்னாவுக்குப் போன அந்த விமானத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வடக்கே கார்தா ஏரிக்கரையில் கர்தோனே என்று ஒரு சின்ன ஊர். அங்கே கவிஞர் தன்னூன்ட்சியோவின் வீடு இருக்குது, வீடு என்றால் ஒரு மலைச்சரிவு முழுக்க. விட்டோரியாலே என்று பெயர். அவர் வாங்கிச் சேர்த்த சாமான்களைப் பார்த்து முடிக்கவே கால் உளையும். அங்கே அரங்கம் ஒன்றின் குவிமாடத்துக்குக் கீழே ஒரு எஸ்.வி.ஏ. தொங்குது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது அதன் வயிறுதான். பசைக்கை அண்ணை சொன்ன அந்தக் கூர்முனை, கத்தியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. எனக்கு அப்போது ஏன் அப்படி என்று விளங்கவில்லை, இன்றைக்குத்தான் விளங்குது.

1918 ஆகஸ்ட் 9. பாதுவாவுக்குப் பக்கத்தில் சான் பெலாஜோ தளத்தில் இருந்து 87-ஆம் ஸ்குவாட்ரன், "லா செரெனீசிமா" என்ற பட்டப்பெயர் கொண்டது, விடியற்காலை 11 விமானங்களோடு கிளம்பியது. அதற்கு முதல் இரண்டு தடவை முயன்று காலநிலை சரியில்லாமல் திரும்பியிருந்தார்கள். மூன்று விமானம் தொடக்கத்திலேயே விலகிவிட, எட்டு ஆல்ப்ஸைத் தாண்டியது. ஒன்றுக்கு இன்ஜின் மக்கர், வீனர் நொய்ஷ்டாட்டில் எதிரியின் மண்ணிலேயே இறக்கவேண்டி வந்தது. ஏழு எதிரியின் தலைநகரான வியன்னாவுக்கு மேலே போய்ப் பிரசாரக் காகிதம் வீசித் திரும்பின. போக வர ஆயிரம் கிலோமீட்டர், ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். இன்றைக்கு நாங்கள் வியன்னாவுக்குப் போகிறதற்கு விமான நிலைய வரிசையிலேயே இரண்டு மணித்தியாலம் நிற்கிறோம்.

அந்த ஏழில் ஒன்று மட்டும்தான் இரண்டு இருக்கை. ஓட்டியவர் நத்தாலே பல்லி, கூடப் போனவர் கவிஞர் தன்னூன்ட்சியோ. கவிஞருக்கு அப்போது 55 வயது, ஒரு கண் ஏற்கெனவே 1916-இல் கடல் விமானம் ஒன்று மோசமாக இறங்கியதில் போய்விட்டது. விமானத்தில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லாததால் பெட்ரோல் தொட்டியை மாற்றி அதோடு ஒட்டி அவருக்கு ஆசனம் செய்தார்கள். "தீப்பிடிக்கும் நாற்காலி" என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார்.

சும்மாபடிப்பவன் | வியாழன், காலை 7.02

ஓட்டியவர் பெயர் பல்லியா? பல்லி தலையில் விழுந்தால் பலன் பார்க்கலாம், தலைக்கு மேலே பறந்தால்?

பலெர்மோ தம்பி | வியாழன், மதியம் 1.40

நானும் முதலில் சிரித்தேன் அண்ணை. பிறகு அவர் முடிவைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போர் முடிந்து நாலு மாதம். 1919 மார்ச்சில் பாரிஸிலிருந்து ரோமுக்கு எஸ்.வி.ஏ.-வில் வரும்போது ஆல்ப்ஸில் மோன் பூரி மலையில் இறக்கவேண்டியதாகி, பனியில் நடந்து இறங்கப் பார்த்து, அங்கேயே குளிரில் உறைந்து செத்துப் போனார். வியன்னா போய்வந்த மனிதர்.

வரலாறு டீச்சர் | வியாழன், மாலை 6.30

இந்த இழை போகும் போக்கைப் பார்த்தால் இத்தாலியின் உளவு விமானம் என்றாலே கவிஞரும் காகிதமும்தான் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

முதலில் அந்தக் காகிதம். மொத்தம் நாலு லட்சம். அதில் கவிஞர் எழுதிய வாசகம் 50,000 பிரதி. அவருடைய இத்தாலிய நடையை ஜெர்மனுக்குக் கொண்டுபோவது ஆகாத காரியம் என்று இத்தாலியனிலேயே அச்சடித்தார்கள். வியன்னாக்காரர் குனிந்து பொறுக்கிப் பார்த்தால் ஒரு எழுத்தும் புரியாது. ஊகோ ஓயெத்தி எழுதி ஜெர்மனில் போட்ட 3,50,000-தான் வேலை செய்தது. "எங்களால் டன் கணக்கில் குண்டு போட முடியும், போடாமல் வாழ்த்து மட்டும் போடுகிறோம்" என்ற தோரணையில் இருக்கும். மிரட்டல்தான், சிரித்த முகத்தோடு.

இப்போது என் வழக்கு. எஸ்.வி.ஏ. வருவது 1918-இல். இத்தாலி போரில் இறங்கியது 1915 மே மாதம். நடுவில் மூன்று வருடம் ஆஸ்திரியாவோடு போர்முனையான இசோன்சோ ஆற்றங்கரையில் பீரங்கிக்குக் குறி பார்த்துச் சொன்னது யார்? படம் எடுத்தது யார்? பேர் தெரியாத இரண்டு பேர், மெதுவான ஒரு பைப்ளேனில். அவர்களுக்குக் கொடுத்த விமானங்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

எஸ்.பி. 2 என்று ஒன்று. பழைய ஃபார்மான் பைப்ளேனை எடுத்து சவோயாவும் பொமிலியோவும் திருத்திச் செய்தது (அதே சவோயாதான்). இன்ஜினும் புரொப்பெல்லரும் பின்னால், ஆட்கள் இருவரும் முன்னால் தொட்டில் மாதிரி ஒரு கூட்டில், வால் நாலு கழிகளின் முனையில். முன்னால் பார்வை அருமை. பின்னால் ஒருவன் வந்து சுட்டால் திருப்பிச் சுட வழியே இல்லை, சொந்த இன்ஜினே குறுக்கே நிற்கிறது. மூக்குக் குத்தி விழுந்தால் அந்த ஃபியட் இன்ஜின் முழு எடையோடு முதுகில் வந்து இறங்கும். எஸ்.பி. என்ற எழுத்துக்கு விமானிகள் வைத்த விரிவாக்கம் "இருவருக்குக் கல்லறை". கல்லறைக்கு இத்தாலியனில் அதே எழுத்தில் தொடங்கும் சொல், 2-க்கு இரண்டு பேர். இதை நூற்றுக்கணக்கில் செய்து தள்ளினார்கள்.

காகிதக்கழுகு | வியாழன், இரவு 9.05

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே கல்லறை இல்லையே. மோன்சாவில் எஸ்.ஏ.எம்.எல். கம்பெனி செய்த விமானங்கள் யோக்கியமானவை. வேடிக்கை என்னவென்றால் அதன் மூல வடிவம் ஜெர்மானிய அவியாத்திக், உரிமம் வாங்கிச் செய்தது. எதிரி முகாமின் வடிவமைப்பை வைத்தே எதிரியை வேவு பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் துருக்கியோடு நடந்த லிபியாப் போரை விட்டுவிட்டீர்கள். 1911-இல் உலகத்திலேயே முதலில் பைப்ளேனிலிருந்து குண்டு போட்டதும் இத்தாலியர்கள்தானே?

வரலாறு டீச்சர் | வியாழன், இரவு 9.30

குண்டு போட்டது சரி, பைப்ளேன் தவறு. 1911 நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி ஓட்டியது எட்ரிச் டாவ்பே, ஒற்றை அடுக்கு இறக்கை. திரிப்போலிக்கு இத்தாலி கொண்டுபோன ஒன்பது விமானங்களில் ஃபார்மான் பைப்ளேன் இரண்டுதான். ஒரு கையில் ஓட்டிக்கொண்டு, மறு கையால் தோல் பையிலிருந்து எறிகுண்டை எடுத்து, வெடிமுனையைப் பொருத்தி, இறக்கையில் படாமல் வெளியே எறிய வேண்டும். நாலு குண்டு, ஒவ்வொன்றும் ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அயின் சாரா, தாஜூரா என்ற இரண்டு பாலைவனச் சோலைகள். அங்கே இருந்தவர்கள் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

உளவு அதற்கும் ஒன்பது நாள் முந்தியது. அக்டோபர் 23, கேப்டன் கார்லோ பியாட்சா, ப்ளேரியோ விமானத்தில் ஒரு மணி நேரம் துருக்கியர் முகாம்மேல் சுற்றிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு அவரே கேமராவும் கட்டிக்கொண்டு போனார். பறந்துகொண்டே தகட்டை மாற்ற முடியாததால் ஒரு பறத்தலுக்கு ஒரே ஒரு படம். உயிரைப் பணயம் வைத்து ஒரு படம், அதுவும் ஆடாமல் வந்திருந்தால்.

பசைக்கை | வியாழன், இரவு 10.50

ஒரு மாடல் ஒட்ட வந்தவனுக்கு இவ்வளவா! சரி, குண்டுவீச்சு என்றால் கப்ரோனி என்று சொல்வார்களே. அதையும் யாராவது கொஞ்சம் சொல்லுங்கள். சி.ஏ. 3, சி.ஏ. 33, சி.ஏ. 36 என்று எண்கள் குழப்புகின்றன.

காகிதக்கழுகு | வெள்ளி, காலை 8.15

எண் குழப்பம் உங்கள் தவறில்லை. போர்க்காலத்தில் விமானிகள் அதைக் குதிரைத்திறனால்தான் அழைத்தார்கள்: 300, 450, 600 என்று. ராணுவம் சி.ஏ. 1, 2, 3 என்றது. போருக்குப் பிறகு கம்பெனி உட்கார்ந்து தன் விமானங்களுக்கெல்லாம் புதிதாக எண் போட்டது. அதில் 300 குதிரைத்திறன் கப்ரோனி சி.ஏ. 32 ஆனது, 450 சி.ஏ. 33 ஆனது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் மாதிரிதான்.

ஜியான்னி கப்ரோனி திரெந்தினோ பகுதியில் ஆர்கோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர், 1886. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் நிலம். எந்த அரசின் குடிமகனாகப் பிறந்தாரோ அந்த அரசின்மேல் குண்டு போட விமானம் செய்தார். அவருக்கு ஆர்டர் கொடுத்தவர் ஜூலியோ டூவே, தூரினில் விமானப் பட்டாலியனின் தளபதி. மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் "செய்" என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பதவி போனது. போர் தொடங்கியபின் தலைமையைக் கண்டித்து எழுதியதற்கு 1916-இல் ராணுவ விசாரணை, ஒரு வருடச் சிறை. அவர் ஆசைப்பட்ட விமானம் அதற்குள் வரிசையாக எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது. 1915 ஆகஸ்ட் 20-இல் ஆஸ்திரியரின் அய்சோவித்சா தளத்தின்மேல் முதல் தாக்குதல். டூவே 1921-இல் எழுதிய நூல்தான் நகரங்கள்மேல் குண்டு போடும் கொள்கைக்கு வேதமானது. அவரை எனக்குப் பிடிக்காது, ஆனால் கப்ரோனி விஷயத்தில் மனிதர் சொன்னது நடந்தது.

பழைய ஃபிட்டர் | வெள்ளி, காலை 10.40

கப்ரோனியின் படத்தைப் பேரனிடம் சொல்லிப் பெரிதாக்கி வாங்கிப் பார்த்தேன். மூன்று இன்ஜின். இரண்டு முன்னால் இழுக்க, ஒன்று நடுக்கூட்டின் பின்னால் தள்ள. அந்தப் பின் இன்ஜினுக்கு நேர் மேலே கம்பிக் கூண்டு ஒன்று. அதற்குள் ஒருவர் நின்றுகொண்டு துப்பாக்கி பிடிக்கிறார். காலுக்குக் கீழே இன்ஜின், முதுகுக்குப் பின்னால் புரொப்பெல்லர் சுழல்கிறது, இடுப்புக்கு மேலே திறந்த வானம். உட்காரவே முடியாது. குளிர்காலத்தில் மலைக்கு மேலே மூவாயிரம் மீட்டரில் மூன்று மணி நேரம் இந்த நிலை. தேவைப்பட்டால் மெக்கானிக் வேலையும் அவருக்குத்தான். எங்கள் காலத்தில் மெக்கானிக்கைத் திட்ட மட்டும்தான் செய்தார்கள்.

ஆனால் யோசித்துச் செய்த அமைப்பு. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்ற இரண்டு வீடு சேர்க்கும். 1914-இல் ஒரு இன்ஜினில் கிடைத்ததே நூறு குதிரைத்திறன்தான். கனமான குண்டு தூக்க வேண்டுமென்றால் மூன்றாகப் போடுவதைத் தவிர வழியில்லை. முதல் வரைபடத்தில் மூன்றையும் நடுக்கூட்டிலேயே வைத்து, தண்டு போட்டு வெளிப் புரொப்பெல்லர்களைச் சுழற்றப் பார்த்தார்களாம். தண்டும் கியரும் வைத்து அத்தனை தூரம் சக்தி கடத்தினால் அதிர்விலேயே கழன்றுவிடும். நல்லவேளை மாற்றிவிட்டார்கள்.

வரலாறு டீச்சர் | வெள்ளி, மாலை 5.50

ஐயா, மூன்று இன்ஜினுக்கு சக்திக் குறைவு மட்டுமா காரணம்? நிலத்தைப் பாருங்கள். பிரான்சில் போர்முனை சமவெளி; இன்ஜின் நின்றால் ஏதாவது ஒரு வயலில் இறக்கலாம். இத்தாலிக்கு ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறுபக்கம் அட்ரியாட்டிக் கடல். பாறையிலும் இறக்க முடியாது, அலையிலும் இறக்க முடியாது. திரும்பி வந்தே ஆக வேண்டும். 1917 அக்டோபர் 4 இரவு தெற்கு இத்தாலியின் ஜோயா தெல் கோல்லேயிலிருந்து 14 கப்ரோனி கிளம்பி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருட்டுக் கடலைத் தாண்டி ஆஸ்திரியரின் கத்தாரோ துறைமுகத்தில் குண்டு போட்டுத் திரும்பியது. கையில் காம்பஸ், மேலே நிலா. அதிலும் நம் கவிஞர் இருந்தார், மனிதர் எங்கே போனாலும் வந்துவிடுகிறார்! எஸ்.வி.ஏ.-வின் நீண்ட தூரத்துக்கு மதிப்பு வந்ததும் இதே காரணத்தால்தான்.

திரும்பி வருவது என்றால் என்ன என்பதற்கு, அப்போது ஆஸ்திரியர் கையில் இருந்த லூபியானா நகரத்தின்மேல் நடந்த தாக்குதல். 1916 பிப்ரவரி 14-இல் ஆஸ்திரியர்கள் மிலான்மேல் குண்டு போட்டார்கள். நாலு நாள் கழித்துப் பதிலுக்கு கப்ரோனிகள் போயின. கேப்டன் ஒரேஸ்தே சலோமோனேயின் விமானத்தை எதிரி விமானங்கள் பிடித்துக்கொண்டன. கூட இருந்த பர்பியேரி, பைலோ இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள். சலோமோனேவுக்குத் தலையில் காயம், கண்ணில் ரத்தம். பக்கத்திலேயே உடல்கள். அப்படியே மலையைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். வானோடிகளில் முதல் தங்கப் பதக்கம் அவருக்குத்தான்.

பழைய ஃபிட்டர் | வெள்ளி, இரவு 7.15

அம்மா, நிலம் காரணம் என்பதை ஏற்கிறேன், ஆனால் வரிசையை மாற்றிச் சொல்கிறீர்கள். கப்ரோனி மூன்று இன்ஜின் வரைந்தது இத்தாலி போருக்குள் வருவதற்கு முன்னால். சக்திக்காகப் போட்டார், மலைக்கும் கடலுக்கும் அது உதவியது. இன்ஜின்காரன் முதலில் பார்ப்பது எடை, அப்புறம்தான் பூகோளம்.

வரலாறு டீச்சர் | வெள்ளி, இரவு 7.40

அதுவும் நியாயம். பாதி வாபஸ். டூவே எதற்காக அந்த விமானத்தை அவ்வளவு அவசரப்பட்டுக் கேட்டார் என்பதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

சும்மாபடிப்பவன் | வெள்ளி, இரவு 11.10

போரின்போதே தூரினிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறந்தது எஸ்.வி.ஏ.-வா?

காகிதக்கழுகு | சனி, காலை 9.00

இல்லை, அது சியா 7பி. 1917 செப்டம்பர் 24, கேப்டன் ஜூலியோ லவ்ரெயாத்தி, 7 மணி 22 நிமிடம், லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் இறங்கினார். ஒரு மாதம் முன்புதான் தூரினிலிருந்து நேப்பிள்ஸ் போய் நிற்காமல் திரும்பியிருந்தார். டிசம்பரில் பிராக் பாப்பா அதே வகையில் ஒரு பயணியோடு 7,000 மீட்டருக்கு மேல் ஏறிச் சாதனை. (பிராக் பாப்பா விமானியின் பெயர். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள்.) ஃபியட்டின் துணைக் கம்பெனி செய்தது, பத்திரிகை முழுக்கப் புகழ்.

அந்தப் புகழை நம்பி போர்முனைக்கு அனுப்பினார்கள். அங்கே வானில் இறக்கை ஒடிந்தது. ஒன்றிரண்டு அல்ல, திரும்பத் திரும்ப. இன்ஜின் தீப்பிடிப்பு வேறு. 1918 கோடையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சாதனை விமானத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள், ஓட்டியவரும் கைதேர்ந்தவர். தொழிற்சாலையில் ஐநூறு செய்து, பத்து வார அனுபவம் உள்ள பையன் கையில் கொடுத்து, எதிரி துரத்தும்போது செங்குத்தாக இறங்கு என்றால் கதை வேறு.

இதன் பெரிய தம்பி 9பி-யில் ஃபியட் ஏ.14 இன்ஜின், 700 குதிரைத்திறன், அப்போது உலகத்திலேயே பெரியது. ராணுவம் வேண்டாம் என்று கை விரித்தது, கப்பற்படை எடுத்துக்கொண்டது. பொறியாளர் ரொசாத்தெல்லி இந்த வரிசையைத் திருத்தி ஃபியட் ஆர்.2 என்று கொண்டு வந்தபோது போரே முடிகிற நேரம். அந்தக் கையிலிருந்துதான் இருபதுகளில் பி.ஆர். வரிசை குண்டுவீச்சு பைப்ளேன்கள் வந்தன. பி.ஆர்.1-இல் ஸ்ட்ரட்டைப் பாருங்கள், எஸ்.வி.ஏ. மாதிரியே டபிள்யூ.

பொமிலியோ கம்பெனி விமானங்களும் இதே கதைதான். பி.சி. நல்ல வேகம், நேராகப் பறக்க அடம்பிடிக்கும். பி.டி.-யில் வாலுக்கு அடியில் ஒரு துடுப்பு ஒட்டினார்கள். பி.இ.-யில்தான் வாலையே பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். நடுவில் பறந்தவர்கள்தான் சோதனை எலிகள்.

வரலாறு டீச்சர் | சனி, மதியம் 12.20

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, நம் ஊருக்கும் ஒரு நூல் இருக்கிறது.

அந்தக் கல்லறைக் குடும்பத்தில் கடைசியாக எஸ்.பி. 4 என்று இரண்டு இன்ஜின் வைத்து ஒன்று வந்தது. 1918 ஆகஸ்டில், வியன்னா பறத்தல் நடந்த அதே வாரம், இரவில் அதில் மூன்று பேர் ஏறினார்கள். ஓட்டியவர் கனடாவின் பிரபல விமானி வில்லியம் பார்க்கர். நடுவில் அலெசாண்ட்ரோ தண்டூரா என்ற இத்தாலிய அதிகாரி, எதிரி பிடித்து வைத்திருந்த சொந்த ஊரான விட்டோரியோ பக்கம் பாரசூட்டில் இறங்கி வேவு பார்க்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தது ஒரு பொறிக்கதவின்மேல். குதிக்கும் நேரத்தை அவரிடம் விட்டால் தயங்கலாம் என்று, கதவின் கொக்கியை இழுக்கும் கம்பி இன்னொருவர் கையில். இழுத்தார், ஆள் இருட்டில் மறைந்தார். பாரசூட்டில் இறக்கப்பட்ட முதல் உளவாளி என்று தண்டூராவைச் சொல்வார்கள். பிழைத்தார், தகவலும் அனுப்பினார்.

கம்பியை இழுத்தவர் வில்லியம் வெட்ஜ்வுட் பென். 1929-இலிருந்து 1931 வரை லண்டனில் இந்தியா மந்திரி. உப்பு சத்தியாக்கிரகத்தின்போது வைஸ்ராய் இர்வின் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது இவருக்குத்தான். வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் ஜெயிலுக்குப் போன நாளில் மேலே உட்கார்ந்திருந்த மந்திரி, பன்னிரண்டு வருடம் முன்பு ஆட்டம் போடும் ஒரு இத்தாலிய பைப்ளேனில் இருட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

பழைய ஃபிட்டர் | சனி, மதியம் 1.05

இது எனக்குப் புதுச் செய்தி. என் தாத்தா வேதாரண்யம் பக்கம்தான்.

பலெர்மோ தம்பி | சனி, இரவு 11.45

நூல் என்று டீச்சர் சொன்னதால் என் பங்குக்கு இன்னொன்று. 1920-இல் ரோமிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு பறத்தல். பிப்ரவரி 14 அன்று ஆர்தூரோ ஃபெர்ராரினும் மசியேரோவும் ஆளுக்கு ஒரு எஸ்.வி.ஏ. 9-இல், இரண்டு இருக்கை, கிளம்பினார்கள். பெரிய கப்ரோனிகளும் போயின. எல்லாம் வழியிலேயே விழுந்தன. பாரசீகக் கரையில் புஷேரில் ஒரு எஸ்.வி.ஏ. விழுந்து கொர்தெஸ்கோ, கிராசா இருவரும் இறந்தார்கள். ஃபெர்ராரினும் அவருடைய மெக்கானிக் கப்பன்னீனியும் கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன் என்று தத்தித் தத்தி, மே 31 அன்று டோக்கியோவில் இறங்கினார்கள். 18,000 கிலோமீட்டர் அளவில். மரமும் துணியும் பிளைவுட்டும். சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கியது.

சும்மாபடிப்பவன் | ஞாயிறு, காலை 8.20

கராச்சியிலிருந்து கல்கத்தா வரை வெயிலில் பிளைவுட் பிரிந்து வந்திருக்காதா?

பழைய ஃபிட்டர் | ஞாயிறு, காலை 9.10

பிளைவுட்டைவிட ரேடியேட்டருக்குத்தான் பயப்பட்டிருப்பேன். அந்த மெக்கானிக் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.

நெறியாளர் | ஞாயிறு, காலை 11.00

டோக்கியோ பறத்தலுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், தொடர்பவர்கள் அங்கே வாருங்கள். கப்ரோனி எண் குழப்பம் பற்றிய பதிவை மேலே ஒட்டி வைக்கிறேன். பல்லி நகைச்சுவை இதோடு போதும்.

பசைக்கை | ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு இறக்கை இரண்டையும் ஒட்டி முடித்தேன். டபிள்யூ ஸ்ட்ரட் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பசை காயும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன், பழைய ஃபிட்டர் ஐயா நினைவுதான் வந்தது. பெட்டிமேல் இருந்த "சண்டை விமானம்" என்ற வரிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, பென்சிலில் "போய்ப் பார்த்துவிட்டு வருவது" என்று எழுதி வைத்திருக்கிறேன். மனைவி அதைப் படித்துவிட்டு எங்கே போகப் போகிறாய் என்று கேட்டாள்.

87-ஆம் ஸ்குவாட்ரனின் இறக்கை முளைத்த சிங்க ஸ்டிக்கரைத்தான் பக்கவாட்டில் ஒட்ட ஆசை. வலதுபக்கச் சிங்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. இடதுபக்கம் தண்ணீரில் இருந்து எடுக்கும்போதே வால் தனியாக வந்துவிட்டது. யாரிடமாவது அந்த அளவில் உபரிச் சிங்கம் இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.